நாற்பத்தைந்தில் ஓய்வா?

கேள்வி: ஒரகடத்தில் கார் கம்பெனி வேலை. வயது 38. 45-ல் ஓய்வு பெற ஆசை. பி.எஃப்., பென்ஷன் போதாதா?
- ஒரு வாசகர், குன்றத்தூர்

பதில்: 45-ல் உங்களுக்கு ஓய்வு கிடைக்கலாம், விலைவாசிக்குக் கிடைக்காதே! இன்று 30,000 ரூபாயில் ஓடும் குடும்பம், ஆண்டுக்கு 6 சதவீத விலையேற்றத்தில் 12 ஆண்டு கழித்து 60,000 கேட்கும்.

பி.எஃப். பென்ஷனை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் பெரும்பாலானோருக்குக் கணக்கில் ஏறுவது 15,000 ரூபாய்தான். அதைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால், 14 ஆண்டுக்கு மாதம் 3,000. அதுவும் 58 வயதில். 50-லேயே கேட்டால் முந்தும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் வெட்டு. பால், கேஸ், கரண்ட் பில்லோடு தீர்ந்துவிடும்.

ஆனாலும் உங்கள் ஆசையை நான் தடுக்க மாட்டேன். நீங்கள் கம்பெனியை விடாவிட்டாலும் கம்பெனி உங்களை விடலாம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்பே விருப்ப ஓய்வில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள், பலர் இருபதுகளில்! ஆகவே 45-ஐக் கெடுவாக வைத்தே சேமியுங்கள். வீட்டுக்கடனை அதற்குள் அடையுங்கள். கம்பெனி மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். சர்க்கரை, பிரஷர் வருமுன் சொந்தமாக ஒன்று எடுங்கள்.

அப்புறம், பொழுது? உங்கள் ஊர் சேக்கிழார் சோழ அமைச்சராக இருந்தவர். தில்லையில் உட்கார்ந்து பெரியபுராணம் பாடினார் என்பது மரபு. உங்களுக்குக் காப்பியம் வேண்டாம். கைத்தொழில் தெரியுமே, இருசக்கர வாகன சர்வீஸை ஞாயிறுகளில் இப்போதே தொடங்கிப் பாருங்கள். மனைவியிடமும் கேட்டுவிடுங்கள், பகல் முழுக்க நீங்கள் வீட்டில் இருப்பது அவருக்குச் சம்மதமா என்று!