பாதிரியாரும் ஸ்காட்லாந்து உதடுகளும்

டெஸ்ட் கிரிக்கெட்டில் டான் பிராட்மேனைவிடப் பெரிய பேட்ஸ்மேன் யார் தெரியுமா? ஆன்டி கேன்டோம். சத்தியமாக. பிராட்மேனின் சராசரி 99.94. வெஸ்ட் இண்டீஸ்காரரான கேன்டோமுக்கு 112. 1948-இல் ஒரே ஒரு டெஸ்ட், ஒரே ஒரு இன்னிங்ஸ், 112 ரன். ரொம்ப மெதுவாக ஆடினார் என்று உட்கார வைத்தவர்கள், அப்புறம் கூப்பிடவே இல்லை.

சிரிக்கிறீர்கள். இதே கூத்தை நோய் மேப்பில் அடித்தால் யாரும் சிரிப்பதில்லை. கமிட்டி போடுகிறார்கள்.

ஸ்காட்லாந்தில் 1975 முதல் 1980 வரை உதட்டுப் புற்றுநோய்க் கணக்கு எடுத்தார்கள். மொத்தம் 56 மாவட்டம். ஜனத்தொகை, வயது எல்லாம் பார்த்தால் கிளாஸ்கோவில் 88.7 பேருக்கு வந்திருக்க வேண்டும். அந்த 0.7 ஆசாமி யார் என்று கேட்காதீர்கள், வந்ததென்னவோ 28 பேருக்கு. மேற்குக் கரையில் தீவும் கடலுமாகக் கிடக்கும் ஸ்கை-லொக்கால்ஷ் பகுதியில் எதிர்பார்த்தது 1.4, வந்தது 9. ஆறரை மடங்கு! அடி, சிவப்பு பெயின்டை! இரண்டு மாவட்டங்களில் சுத்தமாகப் பூஜ்யம். அங்கே யாருக்கும் உதடே கிடையாது போலிருக்கிறது.

சற்று நிதானியுங்கள். ஸ்கையில் இன்னும் ஒரே ஒரு மீனவர் டாக்டரிடம் போயிருந்தால், ஆறரை மடங்கு ஏழைத் தாண்டியிருக்கும். கிளாஸ்கோவில் ஒருவர் கூடினால் ஒரு முள்ளும் அசையாது. ஆள் குறைவான ஊர்கள் எல்லாமே கேன்டோம்கள்தான். ஒன்று சிகரத்தில், இல்லையென்றால் பாதாளத்தில்.

இதற்கு மருந்துதான் பேயஸ் முறை. ஒன்றுமில்லை, பெண் பார்க்கப் போன வீட்டில் நம்மவர்கள் செய்வதுதான். பெண் வீட்டார் சொன்னதை அப்படியே நம்பாமல், அக்கம்பக்கத்தில் நைஸாக விசாரிப்பது. ஸ்கையின் 9 பேரை மட்டும் பார்க்காதே, பக்கத்து மாவட்டங்களையும் மொத்த ஸ்காட்லாந்தையும் கேள். ஆள் குறைந்த ஊர் சொல்வதைக் கொஞ்சமாக நம்பு, நிறைந்த ஊர் சொல்வதை நிறைய நம்பு. சின்ன ஊர் பெரிய ஊரிடம் கைமாற்று வாங்கிக் கௌரவமாகப் பிழைத்துக்கொள்ளும்.

இதற்கு விதை போட்டவர் தாமஸ் பேயஸ், இங்கிலாந்தின் டன்பிரிட்ஜ் வெல்ஸில் பாதிரியார். பிரசங்கத்தில் பெரிய சூரர் இல்லை என்கிறார்கள். கணக்கில் சூரர், ஆனால் கூச்ச சுபாவம். நியூட்டனுக்கு வக்காலத்து வாங்கி ஒரு புத்தகம் போட்டார், அதிலும் தன் பெயரைப் போடவில்லை. இன்று உலகமே அவர் பெயரில் அழைக்கும் ஃபார்முலாவையோ அச்சுக்கே அனுப்பவில்லை. 1761-இல் கண்ணை மூடினார்.

அவருடைய காகிதங்களைக் குடைந்த நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் அதைக் கண்டெடுத்து, 1763-இல் ராயல் சொசைட்டிக்கு அனுப்பினார். சூதாட்டத்துக்கோ நோய்க்கோ உதவும் என்று இல்லை. கடவுள் இருக்கிறார் என்பதற்கு இது வலு சேர்க்கும் என்று அவருக்கு நம்பிக்கை! இணையத்தில் பேயஸ் என்று தேடினால் ஒரு கொழுகொழு முகம் வரும். தலைமுடி, உடுப்பு இரண்டுமே அந்தக் காலத்துக்கு ஒட்டவில்லை. நிச்சயமில்லாததை அளக்கக் கற்றுக்கொடுத்தவரின் முகமே நிச்சயமில்லை.

அந்த ஃபார்முலாவின் முதல் நிபந்தனைதான் பண்டிதர்களுக்குத் தொண்டையில் சிக்கிய முள். டேட்டா வருவதற்கு முன்னால் உன் மனதில் என்ன இருக்கிறது என்று எழுதி மேஜை மேல் வை. டேட்டா வர வர மாற்றிக்கொள். விஞ்ஞானிகள் கொதித்தார்கள். நாங்களாவது, முன்கருத்தாவது! நாங்கள் வெள்ளைக் காகிதம் அல்லவா!

வெள்ளைக் காகிதங்களின் லட்சணத்தை 1854 லண்டனில் பாருங்கள். சோஹோ பகுதியில் காலரா, அறுநூறுக்கும் மேற்பட்ட சாவு. டாக்டர் ஜான் ஸ்னோ பிராட் ஸ்ட்ரீட் அடிபம்பைச் சுட்டிக்காட்டினார், பிறகு மேப்பும் போட்டார். அவர் பல வருஷமாகத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். அதே சாவுகளை வைத்து சாக்கடை இலாகா இன்ஜினீயர் எட்மண்ட் கூப்பரும் மேப் போட்டார். முடிவு என்னவென்று ஊகிக்க முடிகிறதா? எங்கள் சாக்கடை மேல் தப்பில்லை! சுகாதார போர்டின் கமிட்டியும் விசாரித்தது, அவர்கள் கெட்ட காற்றுக் கட்சி, ஸ்னோவின் தண்ணீர்க் கதையை நம்பக் காரணமே தெரியவில்லை என்று எழுதிவிட்டார்கள். பிணங்கள் அதே பிணங்கள், தெருவும் அதே தெரு. மூன்று பேரும் வீட்டிலிருந்தே பதிலைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஸ்னோ கொண்டுவந்த பொட்டலத்தில் சரியான பதில் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பம்பின் கைப்பிடியைக் கழற்றினார், காலரா ஓடியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்களே? செப்டம்பர் 8-இல் கழற்றும்போதே சாவு வெகுவாகக் குறைந்திருந்தது. ஜனத்தில் பெரும்பகுதி அந்தத் தெருக்களைக் காலி செய்திருந்தது. இதை ஒப்புக்கொண்டு எழுதியவர் யார்? ஸ்னோவேதான். ஹீரோ வேண்டாம் என்று சொன்னாலும் நாம் மாலையோடு துரத்துகிறோம்.

இன்னொன்று. ஸ்னோ மதுவைத் தொடாத ஆசாரசீலர். ஆனால் அவருக்குக் கிடைத்த அருமையான சாட்சி, பம்புக்குப் பக்கத்திலிருந்த பீர் ஆலை. அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள், ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. ஏனென்றால் அவர்கள் தண்ணீரே குடிப்பதில்லை, ஆலை கொடுக்கும் பீர்தான்! பாவம் மனிதர், எந்த மனசோடு அதைக் குறித்துக்கொண்டாரோ. இன்று அதே தெருவில் அவர் நினைவாக ஒரு கடை இருக்கிறது. பெயர் ‘ஜான் ஸ்னோ’. பீர் கடை.

அடுத்த வெள்ளைக் காகிதம் ரொனால்ட் ஃபிஷர். புள்ளியியலின் சக்கரவர்த்தி, பேயஸின் பரம வைரி. இந்தச் சரக்கு முழுக்க நிராகரிக்கப்பட வேண்டியது என்று 1925-லேயே தீர்ப்பெழுதியவர். முன்கருத்து என்றாலே அலர்ஜி. 1950-களில் சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் என்று டேட்டா மலையாகக் குவிந்தபோது, அவர் தலையாட்டவில்லை. புற்றுநோயின் ஆரம்பமே மனிதனைச் சிகரெட் பிடிக்க வைக்கிறதோ என்று கேட்டார்! அப்போது அவர் வாயில் பைப் புகைந்துகொண்டிருந்தது. புகையிலை முதலாளிகளுக்கு ஆலோசகராகவும் இருந்தார். மற்றபடி முன்கருத்தெல்லாம் கிடையாது.

பேயஸ் இத்தனை காலம் தூங்கியதற்குப் பகை மட்டும் காரணமில்லை. கணக்குப் போட முடியவில்லை, அவ்வளவு சிக்கல். வழி பிறந்தது சீட்டாட்டத்தில். 1946-இல் மூளைக்காய்ச்சல் வந்து ஓய்வில் இருந்த கணித மேதை ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாகச் சீட்டு ஆடிக்கொண்டே யோசித்தார்: ஜெயிக்கும் வாய்ப்பை மண்டை உடையக் கணக்கிடுவதைவிட, நூறு தடவை ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் என்ன? முறை தயார். அணுகுண்டுக்காரர்கள் அதை அள்ளிக்கொண்டார்கள். பெயர் மான்டே கார்லோ, கடன் வாங்கி அந்த ஊருக்குச் சூதாடப் போகும் உலாமின் மாமா உபயம்.

நாற்பது வருஷம் கழித்து எல்லாம் சரசரவென்று நடந்தது. 1987-இல் கிளேட்டனும் கால்டோரும் அந்த ஸ்காட்லாந்து உதடுகளை எடுத்துக்கொண்டு மாவட்டங்களுக்குள் கைமாற்று ஏற்பாடு செய்தார்கள். 1991-இல் ஜூலியன் பெசாக் கோஷ்டி, மங்கலான போட்டோவைத் துலக்கும் வித்தையை மேப்புக்குக் கொண்டுவந்தது. பக்கத்துப் புள்ளி மாதிரிதான் இந்தப் புள்ளியும் இருக்கும் என்ற அதே நியாயம். கேம்பிரிட்ஜில் ஒரு சாஃப்ட்வேர் செய்து, அதற்குத் துணிச்சலாக ‘பக்ஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பூச்சி!

இதைக் கற்றுக்கொள்ள உட்காருகிற பிள்ளைகள் பாடு தனி. கம்ப்யூட்டர் கொடுக்கும் முதல் சில ஆயிரம் விடைகளைத் தூக்கி எறியச் சொல்வார்கள். பதறவேண்டாம், கல் பழக ஊற்றும் முதல் தோசை. அப்புறம் திரையில் வரும் கோடு புசுபுசுவென்று கம்பளிப்பூச்சி மாதிரி தெரிந்தால் பாஸ். பெரிய படிப்புப் படித்தவர்கள் நள்ளிரவில் கம்பளிப்பூச்சியைப் பார்த்துக் கைதட்டுவதை நீங்கள் வேறெந்தத் தொழிலிலும் பார்க்க முடியாது.

ஸ்கை என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? பூஜ்ய மாவட்டங்கள் கொஞ்சம் மேலே ஏறின, ஸ்கை கொஞ்சம் கீழே இறங்கியது, ஆனால் சிவப்பு போகவில்லை. விவசாயம், மீன்பிடி, காட்டு வேலை என்று நாளெல்லாம் வெட்டவெளியில் நிற்கும் ஜனம் அதிகமுள்ள மாவட்டங்களில் நோயும் அதிகம். சந்தேகப்பட்ட குற்றவாளி வெயில். ஆமாம், ஸ்காட்லாந்து வெயில்தான்.

பேயஸின் கல்லறை லண்டன் பன்ஹில் ஃபீல்ட்ஸில் இருக்கிறது. சிதைந்து கிடந்ததை 1969-இல் உலகமெங்கும் உள்ள புள்ளியியல்காரர்கள் காசு சேர்த்துப் புதுப்பித்தார்கள். படம் எதுவும் வைக்கவில்லை. நல்லவேளை.