மணி நல்ல மாணவன்

எங்கள் தெருவில் மணிக்குக் கெட்ட பெயர். கட்டிலில் பாதியைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுக்கிறது, அதட்டினால் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறது என்று அதன் வீட்டு அண்ணன் டீக்கடையில் வாரம் தவறாமல் முறையிடுகிறார். முதுகுவலி, தூக்கமில்லை, போர்வையெல்லாம் முடி. கேட்கிறவர்களும் நாயைத்தான் ஏசுகிறார்கள். நான் மணியைப் புகழ வந்திருக்கிறேன். எங்கள் ஊரான அய்யலூரில், சொல்லிக்கொடுத்ததை இவ்வளவு சுத்தமாகப் படித்த மாணவனை நான் பார்த்ததில்லை. அந்தப் புகழில் பாதி வாத்தியாருக்கும் சேர வேண்டும்.

குட்டியாக வந்த முதல் ராத்திரி அதைத் திண்ணையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் விட்டார்கள். தாயையும் கூடப்பிறந்ததுகளையும் விட்டு வந்த குட்டி கத்தாமல் என்ன செய்யும்? அண்ணன் எழுந்து போய்த் தூக்கிவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டார். கத்தினால் கட்டில் கிடைக்கும். முதல் பாடம் ஒரே ராத்திரியில் முடிந்தது. அப்புறம் ஐப்பசி மழை, தீபாவளி வெடி, மார்கழிப் பனி என்று ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு மறுபரீட்சை நடந்தது. மணி எல்லாவற்றிலும் தேறியது.

பிறகு அது வளர்ந்து நீட்டிப் படுக்கத் தொடங்கியதும் அண்ணன் கண்டிப்பானார். கதவைச் சாத்தினார். மணி கதவைப் பிறாண்டியது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் திறந்துவிட்டார். அடுத்த தடவை இன்னும் திடமாக இருந்து பார்த்தார், நடுச்சாமத்துக்குத் திறந்துவிட்டார். இன்னொரு நாள் விருந்தாளி வந்திருந்ததால் திறக்கவே இல்லை; மறுநாள் பாவமாக இருக்கிறதென்று அவரே கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார். இதைவிட உறுதியாக ஒரு பாடத்தை யாராலும் நடத்த முடியாது. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சார்லஸ் ஃபெர்ஸ்டரும் பி. எஃப். ஸ்கின்னரும் 1957-இல் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார்கள். அதில் பெரும்பகுதி புறாக்களை வைத்துச் செய்த சோதனை. கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றால் சீக்கிரமே கொத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாமல், எப்போதாவது ஒரு தடவை கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்ற பிறகும் நெடுநேரம் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். அண்ணன் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதில் சொன்னதை ஒன்று குறையாமல் வீட்டிலேயே நடத்திக் காட்டியிருக்கிறார். நடுச்சாமம் வரை பிறாண்டலாம், பலன் உண்டு என்று மணி தெரிந்துவைத்திருக்கிறது. அது பிடிவாதமில்லை, படித்த படிப்பு.

மணியின் அறிவுக்கு இன்னொரு சாட்சியும் அதே வீட்டில் இருக்கிறது. முன்வாசலில் அப்பத்தாவின் கயிற்றுக் கட்டில் கிடக்கிறது. அதில் மணி இதுவரை ஒரு காலைக்கூட வைத்ததில்லை. அப்பத்தா அதை அடித்ததும் இல்லை, கட்டிப்போட்டதும் இல்லை. குட்டி முதன்முதலாக ஏற வந்தபோது “அங்கிட்டுப் போ” என்று சாக்கைக் காட்டினார். அடுத்த நாளும் அதையே சொன்னார். மழை பெய்த அன்றும் அதையேதான் சொன்னார். சாக்கில் போய்ப் படுத்தால் தட்டில் மிச்சமிருந்த கருவாட்டுத் துண்டு கிடைத்தது. ஒரே நாய், ஒரே கூரை, இரண்டு கட்டில், இரண்டு சட்டம். எந்தச் சட்டம் எங்கே செல்லும் என்று பிரித்தறிந்து நடக்கிறது. நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் வாலைக் குழைத்துக்கொண்டு வெளியே போகும் என்கிறது பழமொழி. மணி நடுவீட்டில் வைத்த இடத்தில் இருந்துகாட்டி, அந்தப் பழியைத் தன் இனத்தின் தலையிலிருந்தே இறக்கியிருக்கிறது.

வியாழக்கிழமை விடியுமுன்னே நம் ஊர்ச் சந்தைக்கு ஆடு ஓட்டி வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் பட்டியில் நாய் எங்கே படுக்கும் என்றால், படலுக்கு வெளியே என்று யோசிக்காமல் சொல்வார்கள். அந்த நாய்க்கும் குளிர் உண்டு, ஆசை உண்டு. குட்டியிலிருந்து ஒரு நாளாவது அதைக் குடிசைக்குள் கூப்பிட்டுப் படுக்க வைத்திருந்தால் அதுவும் ஓடிவந்திருக்கும். கூப்பிடவில்லை, அவ்வளவுதான் அவர்களுடைய வித்தை.

மணியை ஏசுகிறவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். கட்டிலேறும் நாய் வீட்டுக்குத் தலைமை கேட்கிறதாம்; குப்புறத் தள்ளி அடக்கினால்தான் படியுமாம். இந்தப் பேச்சுக்கு மூலம், 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆராய்ச்சி. டேவிட் மெக் 1970-இல் எழுதிய புத்தகம் அதை உலகமெங்கும் பரப்பியது. அதே மெக், காட்டில் திரியும் ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பார்த்துவிட்டு, ஒரு கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், சண்டைபோட்டுப் பிடிக்கிற தலைமை அங்கே இல்லை என்று 1999-இல் எழுதினார். எழுதியவரே கைவிட்டதை நம் ஊரில் இன்னும் நாயின் முதுகில் ஏற்றுகிறோம். மணிக்குத் தலைமை வேண்டாம். மெத்தை மெதுவாக இருக்கிறது, அண்ணன் பக்கத்தில் இருக்கிறார். அதற்கு மேல் அதற்கு ஆசையில்லை.

கட்டிலில் நாய் கூடாது என்பதற்கு நியாயமான காரணங்கள் இல்லாமல் இல்லை. நாயின் உடம்புச் சூடு சாதாரணமாகவே நம்மைவிட ஒன்றிரண்டு டிகிரி செல்சியஸ் கூடுதல். திண்டுக்கல் சித்திரையில் அது பக்கத்தில் படுத்தால் யாருக்குத் தூக்கம் வரும்? ஆட்டுக்கூட்டம் நடமாடுகிற ஊரில் உண்ணிக்குப் பஞ்சமில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நாய் வளர்க்கும் 40 பேரை ஏழு ராத்திரி கவனித்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். நாய் அதே அறையில் படுப்பதால் பெரிய கெடுதலில்லை. கட்டில்மேலேயே படுத்தால் ஆளின் தூக்கம் குறைகிறது என்று கண்டார்கள். ஆக அண்ணனின் முதுகுவலியும் தூக்கக்கேடும் பொய்யில்லை. அதற்கு மணிமேல் வழக்குப் போடுவதுதான் பொய்.

போன மாதம் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. “பேசாம வண்டில ஏத்திக் கடவூர் காட்டுப்பக்கம் விட்டுரலாமான்னு இருக்கு.” கேட்ட யாரும் திடுக்கிடவில்லை. நான்குவழிச் சாலை ஓரத்தில், வண்டிக் கருப்பணசாமி கோயிலைத் தாண்டி, கழுத்தில் பட்டையோடு திரியும் நாய்களை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அவையும் ஏதோ ஒரு வீட்டில் நன்றாகப் படித்தவைதான். அந்தக் காடு வெறுங்காடும் இல்லை. தேவாங்குக்கென்று இந்தியாவிலேயே முதல் சரணாலயம், கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில், 2022 அக்டோபரில் அங்கேதான் அறிவிக்கப்பட்டது. மரம் விட்டு மரம் போக வழியில்லாமல் தரையிறங்கும் தேவாங்கால் நாயின் வேகத்துக்கு ஓட முடியாது. பசித்த நாயிடம் அது தப்பாது. பழி அன்றைக்கும் நாய்மேல்தான் விழும். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. மணியின் விசுவாசத்துக்கு அரசாங்கம் போட்டிருக்கிற விலை அது. மிகக் குட்டையான சங்கிலியில் நாள்கணக்கில் கட்டிப்போடுவதும் அதே சட்டப்படி குற்றம்தான். அதனால் கட்டிலை விட்டு இறக்கிய கையோடு கொல்லையில் கட்டிவிடுவதும் வழியில்லை.

வழி அப்பத்தாவிடம் இருக்கிறது. அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், பழைய கம்பளியை நாலாக மடித்துப் போட வேண்டும். பகலிலேயே மணியை அதில் கூப்பிட்டு உட்காரவைத்துத் தீனி கொடுக்க வேண்டும். ராத்திரிச் சோறும் அங்கேயே. சாயங்காலம் ஏரிக்கரைவரை நன்றாக ஓட்டிக் களைக்கவைக்க வேண்டும். படுக்குமுன் ஒரு தடவை வெளியே விட வேண்டும். கட்டிலில் ஏறினால் அடியும் கிடையாது, கத்தலும் கிடையாது. பேசாமல் இறக்கிக் கம்பளியைக் காட்டி, அதில் படுத்தவுடன் ஒரு துண்டு ரொட்டி. பத்துத் தடவை ஏறினால் பத்துத் தடவையும் அதேதான். அது பழகிய பிறகு கம்பளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப்பக்கம் நகர்த்தலாம். கூடத்துக்கே போக வேண்டும் என்றில்லை. அறையின் மூலையே போதும்.

வீட்டில் எல்லாரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும். அண்ணி இறக்கிவிட, சின்னவன் போர்வைக்குள் ஒளித்துவைத்தால் மணி சின்னவன் சொல்வதைத்தான் கற்றுக்கொள்ளும். இன்னொன்றையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. இத்தனை வருஷம் பலித்த வித்தை திடீரென்று பலிக்காமல் போனால் நாய் அதை உடனே விட்டுவிடாது. முதலில் இரண்டு பங்காகச் செய்து பார்க்கும். ஊளையிடும், கட்டில் காலைப் பிறாண்டும், முகத்தருகே வந்து முனகும். அது மோசமாகிக்கொண்டே போகிற அந்த ராத்திரிகள்தான் முடிவுக்குப் பக்கத்து ராத்திரிகள். அன்றைக்கு ஒரு தடவை இரக்கப்பட்டால், எவ்வளவு ஊளையிட வேண்டும் என்ற கணக்கையும் மணிக்குச் சொல்லிக்கொடுத்ததாகிவிடும். மணி அதையும் மறக்காது.

மணியைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சொல்லும் பாடம் ஒரே பாடமாக இருந்தால் அது சீக்கிரமே கற்றுக்கொள்ளும். அந்த ராத்திரிகளில் அண்ணன் மனசு மாறாமலிருக்க, அப்பத்தாவின் கயிற்றுக் கட்டிலையும் அந்த அறைக்குள்ளேயே கொண்டுவந்து போட்டுக்கொண்டால் நல்லது.