சருகுக்கு வந்த மவுசு

எங்கள் வீட்டுக் கொல்லை பத்தடிக்கு முப்பதடி. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு துவைக்கிற கல், சக்கரமில்லாத சைக்கிள் ஒன்று. தாம்பரத்துக்கு மேற்கே அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டியவனுக்கு அதுவே ஜமீன். ஓய்வு பெற்ற மறுவாரம், இந்த ஜமீனைப் பறவைகளுக்கு எழுதி வைக்கப்போவதாக வீட்டில் அறிவித்தேன்.

"அப்போ துணி எங்க காயப்போடறது?" என்றாள் மனைவி.

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. மற்றபடி திட்டம் பிழையில்லாதது.

உண்மையைச் சொன்னால் எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பறவை. ஆறுமணிக்குருவி. முதுகு பச்சை, தோளில் நீலம், அடிவயிறு சிவப்பு, கண்ணுக்குக் கறுப்பு மை. வாலுக்கு வரும்போது மட்டும் துணி பற்றாமல் போய்விட்டது. இந்தியில் நவ்ரங் என்பார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வரும். காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கூப்பிடுவதால் இந்தப் பெயர். முப்பத்துநான்கு வருட உத்தியோகத்தில் நேரத்துக்கு வந்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. ஓய்வுக்குப் பிறகாவது பார்த்துவிட ஆசை.

ஆனால் ராஜா வருமுன் பரிவாரம் வரவேண்டாமா? முதலில் சிட்டுக்குருவிக்கு ஒரு பெட்டி செய்யச் சொன்னேன். வாசல் 32 மில்லிமீட்டர் போதும் என்று தச்சரிடம் காகிதத்தில் வட்டம் போட்டே கொடுத்தேன். "குடியிருக்கிற இடம் சார், தாராளமா இருக்கட்டும்" என்று அவர் இரண்டு அங்குலத்துக்குத் துளை போட்டுவிட்டார். மைனா குடிவந்தது. முன்பணம் கிடையாது, வாடகை ஒப்பந்தம் கிடையாது. சிட்டுக்குருவியோ பெட்டியை ஏறெடுத்தும் பார்க்காமல், முன்வாசல் மின்சார மீட்டர் பெட்டிக்குள் வைக்கோலைத் திணித்துக்கொண்டது. கணக்கெடுக்க வந்தவரிடம் மனைவி, "உள்ள குஞ்சு இருக்கு, மெதுவா எழுதுங்க" என்றாள்.

அடுத்தது தண்ணீர்த் தட்டு. அகலமான மண் தட்டு, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் கூடாது, நடுவில் நிற்க ஒரு கல். முதல் வாடிக்கையாளர் காக்கை. காய்ந்த ரொட்டியைக் கொண்டுவந்து ஊறவைத்துச் சாப்பிட்டது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னோர்கள் பல் போன காலத்தில் வந்திருக்கிறார்களாம். கிருத்திகையன்று அதே காக்கை எங்கிருந்தோ ஒரு மீன் தலையோடு வந்து அதையும் ஊறவைத்தது. எங்கள் பரம்பரையில் யார் அப்படி என்று ஒரு விசாரணை நடந்தது. கடைசியில் என் பக்கத்துப் பெரியப்பா ஒருவர்மேல் சந்தேகம் விழுந்து, இன்னும் விலகவில்லை.

கொசு ஒழிப்புப் பணிக்கு வந்த அம்மா தட்டைக் கண்டதும் ஒரே தட்டாகக் கவிழ்த்தார். பறவைக்கு வைத்தது என்றேன்.

"கொசுவும் பறக்கிறதுதான் சார்."

முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், நான் தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுகிறேன் என்று சத்தியம் செய்தபிறகு தட்டு நிமிர்ந்தது.

நர்சரியில் காசு கொடுத்து வாங்கிய ரோஜாவை ஒரு ஜீவனும் மதிக்கவில்லை. வேலியோரம் தானாக முளைத்த சிங்கப்பூர் செர்ரி இரண்டு வருடத்தில் கூரையைத் தொட்டது. அது வருடம் முழுக்கப் பழுத்துக்கொண்டே இருக்கும் மரம். பகலில் கொண்டைக்குருவி, குயில், அணில், இரவு ஷிப்டுக்கு வௌவால். கொண்டைக்குருவிக்கு இன்னொரு பொழுதுபோக்கும் உண்டு. என் ஸ்கூட்டர் கண்ணாடியில் தெரியும் பகைவனோடு தினமும் இரண்டு மணிநேரம் சண்டை. அதன் மூக்கு உடைந்துவிடுமே என்று இரண்டு கண்ணாடிக்கும் பழைய சாக்ஸ் மாட்டினேன். கழற்ற மறந்து கடைத்தெருவுக்குப் போன அன்று போக்குவரத்துக் காவலர் நிறுத்தினார். குருவி சண்டை போடுகிறது என்று விளக்கினேன். அவர் என்னை வாயால் ஊதிக் காட்டச் சொன்னார்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது தையல்சிட்டு. கட்டைவிரல் அளவு உடம்பு, தெருக்கோடிக்குக் கேட்கும் குரல். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குரோட்டன்ஸ் தொட்டி ஒன்று. அதன் பெரிய இலைகள் இரண்டை இழுத்து, ஓரத்தில் அலகால் ஓட்டை போட்டு, சிலந்தி நூலும் பஞ்சும் கோத்துத் தைத்து, உள்ளே மெத்தை போட்டு முடித்தபிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. பஞ்சு எங்கிருந்து வந்தது என்ற மர்மம், வெள்ளிக்கிழமை விளக்கேற்றத் திரியைத் தேடியபோது விலகியது. பூஜை அறை ஜன்னலில் வைத்த பஞ்சு பாதிதான் இருந்தது.

கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் தொட்டியருகே குனிந்து அந்தத் தையலை வெகுநேரம் பார்த்தாள். "நம்ம டெய்லர் ஜாக்கெட்டுக்கு இப்படி ஒரு தையல் போட்டிருக்கானா?" என்றாள். அன்று முதல் கட்சி மாறிவிட்டாள். குஞ்சு பொரிக்கப் பன்னிரண்டு நாள், பறக்க இன்னொரு பதினான்கு. இருபத்தாறு நாளும் துவைக்கிற கல் மூடப்பட்டது. பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்குக் கொல்லையில் கைப்பேசி பேசத் தடை. முருங்கையில் அப்பிய கம்பளிப்பூச்சிக்கு மருந்தடிக்கப் போன என்னைத் தடுத்து, "பக்கத்துல குழந்தைங்க சாப்பிடற வீடு" என்றாள். அதில் நியாயம் இருந்தது. தானியம் தின்கிற சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுபூச்சிதான் ஊட்டும். மருந்தடித்த தோட்டத்தில் தட்டுத் தட்டாகத் தானியம் வைப்பது, அடுப்பை அணைத்துவிட்டுப் பந்தி போடுவது மாதிரி. அரிப்பை மட்டும் நான் ஏற்றுக்கொண்டேன்.

இருபதாவது நாள் செம்போத்து வந்தது. செங்கல் நிறச் சிறகு, ரத்தக் கண், வாடகை பாக்கிக்கு வந்தவர் போன்ற நடை. நத்தை தின்னும், பாம்பைக்கூட விடாது, அதற்காகவே நான் வரவேண்டும் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்ட பறவை. கூட்டிலிருக்கும் குஞ்சும் அதற்குப் பலகாரம் என்பதை வேண்டும்போது யோசிக்கவில்லை. இரண்டும் என் விருந்தாளிகள். யார் பக்கம் நிற்பது? நான் இயற்கையின் சமநிலை பற்றி இரண்டு வாக்கியம் தொடங்குவதற்குள் மனைவி துடைப்பத்தோடு இறங்கிவிட்டாள். குஞ்சுகள் மூன்றும் பறந்தன.

இனி சருகு. ஆறுமணிக்குருவி தரையில் தத்தித் தத்திச் சருகைப் புரட்டிப் பூச்சி பொறுக்கும். ஆகவே கொல்லையைப் பெருக்கக்கூடாது என்பது என் முதல் சட்டம். நான்கு வருடச் சருகு கணுக்கால்வரை கிடந்தது. தவிட்டுக்குருவிகளுக்குக் கொண்டாட்டம். பாகப்பிரிவினைக்கு வந்த பங்காளிகள் மாதிரி ஏழெட்டாக வந்து, ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பார்த்து, எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திவிட்டுப் போகும்.

பக்கத்து வீட்டுக்காரர் தம் கொல்லை முழுக்கப் பேவர் பிளாக் பதித்தவர். அங்கே ஒரு துளசி மாடம், ஒரு கார் ஷெட், அவ்வளவுதான். தரையில் இலை விழுந்தால் சத்தம் கேட்டு எழுந்து வருவார். மதில்மேல் தலை மட்டும் தெரிய, "சார், உங்க குப்பை எங்க பக்கம் வருது" என்பார். குப்பை இல்லை, வாழிடம் என்பேன். "வாழிடத்தைக் கொஞ்சம் பெருக்கிடுங்க சார்." மா. கிருஷ்ணன் சென்னையில் இருந்துகொண்டு 1950 முதல் 1996இல் மறையும்வரை கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகைக்கு இயற்கையைப் பற்றி எழுதினார். 46 வருடம்! அவருடைய பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்பேர்ப்பட்ட உத்தமர்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்கு நடுவில் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. 2015இலிருந்து நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, பட்டியலை இணையத்தில் ஏற்றவேண்டும். சர்க்கரைப் பொங்கல் கிண்ணத்தோடு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். முதல் நிமிடமே வைரி என்கிற சின்ன வேட்டைப் பறவை மதிலில் வந்து அமர்ந்தது. அவ்வளவுதான், ஊரடங்கு. என் நான்கு வருட உழைப்பின் பட்டியல்: வைரி 1, அதைத் திட்டிய காக்கை 23. பதினாறாவது நிமிடம் அது பறந்துபோக, அத்தனை பறவையும் ஒரே சமயத்தில் வந்து குளித்தன.

போன அக்டோபரில் ஒரு விடியற்காலை. மதில்மேல் அந்தத் தலை.

"சார், உங்க கலர் கோழிக்குஞ்சு ஒண்ணு எங்க கார் ஷெட்ல வந்து உக்காந்திருக்கு. எடுத்துக்கிட்டுப் போயிடுங்க."

நான் கோழி வளர்ப்பதில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். டயருக்குப் பின்னால், பேவர் பிளாக்கின்மேல், இரவெல்லாம் பறந்த களைப்பில் கண்சொருகி நின்றிருந்தது: பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு மை. நான்கு வருடம் கணுக்காலளவு சருகு போட்டுக் காத்திருந்தவனை விட்டுவிட்டு, இலையே இல்லாத வீட்டுக்கு!

அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அதை உள்ளே விட்டு, பகல் முழுக்க இருட்டான அறையில் சத்தமில்லாமல் வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று தடவை வந்து, "எப்படி இருக்காங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். சாயங்காலம் என் சருகின் நடுவே பெட்டியைத் திறந்தேன். வெளியே தத்தியது. ஓர் இலையைப் புரட்டியது. இன்னொன்று. ஒரு புழுவை விழுங்கியது. பிறகு மதிலைத் தாண்டிப் பறந்து துளசி மாடத்தின் பின்னால் போய் மறைந்தது.

மறுநாள் காலை ஆறு மணி. கணீரென்று இரண்டு விசில். மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

விசில் அடங்கியதும் தலை எழுந்தது. கொஞ்சநேரம் என் தரையையே பார்த்தது.

"சார்... தப்பா நினைச்சுக்காதீங்க. ஒரு அரை மூட்டை சருகு கிடைக்குமா?"

நான் வாயைத் திறக்குமுன் சமையலறை ஜன்னலிலிருந்து மனைவியின் குரல் வந்தது: "சும்மா குடுத்துடாதீங்க. துணி காயப்போட அவங்க மொட்டை மாடியக் கேளுங்க."