யார் போட்ட கையெழுத்து?

அமெரிக்க அதிபர்களின் கையெழுத்துச் சந்தையில் உழைப்புக்கு மவுசு கிடையாது. 1841-இல் பதவியேற்ற வில்லியம் ஹென்றி ஹாரிசன் 31 நாளில் போய்ச் சேர்ந்தார். அதிபராக அவர் ஒப்பமிட்ட தாள் கிடைப்பதே அபூர்வம். விலையோ யானை விலை. எட்டு வருஷம் விரல் தேயக் கையெழுத்துப் போட்டவர்கள் எவ்வளவோ மலிவு!

இன்னொரு கூத்து. நிலப் பட்டாவில் அதிபர் பெயரைச் செயலாளரே எழுதலாம் என்று 1833-இல் சட்டமே வந்துவிட்டது. தோல்தாள், பழுப்பேறிய மை, வளைந்து நெளிந்து ‘மார்ட்டின் வான் பியூரன்’. பாட்டன் சொத்தென்று கட்டிக் காத்து விற்கப் போனால், அது குமாஸ்தா கை! கென்னடி காலத்திலோ இயந்திரமே கையெழுத்துப் போட்டது. பட்டாவுக்குக் காசை எண்ணிக் கொடுக்குமுன், அதிபர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் செயலாளர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.