உரியாவின் பக்கம் நின்று வாசியுங்கள்

கேள்வி: ஓய்வுநாள் பாடசாலையில் தாவீது, கோலியாத் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “டீச்சர், இந்தத் தாவீதுதானே அப்புறம் ஒருத்தரைக் கொன்னாரு?” என்று கேட்டுவிட்டான். பேச்சை மாற்றிவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்?
— ஆசிரியை, நாசரேத்

பதில்: “ஆமாம் தம்பி, அவரேதான்” என்று சொல்லியிருக்க வேண்டும். தாவீதின் சரித்திரம் வேதாகமத்தில் இரண்டு முறை வருகிறது. தாவீது பத்சேபாளை எடுத்துக்கொண்டு, அவள் புருஷன் உரியாவைக் கொல்லவைத்ததை 2 சாமுவேல் 11-ம் அதிகாரம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. 1 நாளாகமம் 20-ம் அதிகாரம் அதே யுத்தத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் ராஜா எருசலேமில் தங்கிவிட்டார் என்று மட்டும் சொல்லிவிட்டு, ரப்பா பட்டணம் பிடிபட்ட கதைக்குப் போய்விடுகிறது. பத்சேபாள் பேச்சே அங்கே இல்லை. நம் முன்னோர் இரண்டு புத்தகத்தையும் வைத்துக்கொண்டார்கள். ஐந்து வயதுக்கு நாளாகமம், பன்னிரண்டு வயதுக்குச் சாமுவேல் என்று நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். கவண்கல்லோடு நின்றுவிடாமல் மேலே வாசித்திருக்கிறானே, அந்தப் பிள்ளைக்கு வருகிற ஞாயிறு எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள். நாம் மறைத்ததை இருபது வயதில் அவனே கண்டுபிடித்தால், சபை இன்னும் எதையெல்லாம் மறைத்தது என்று தேடத் தொடங்கிவிடுவான்.

கேள்வி: ஆலயக் கட்டடக் காணிக்கையில் கைவைத்துப் பிடிபட்ட ஒருவர், “தாவீதே விழுந்தார், நான் எம்மாத்திரம்?” என்று சபை நடுவில் சாட்சி சொன்னார். பாதிப் பேர் கண்ணீர் விட்டார்கள். பணம் மட்டும் இதுவரை வரவில்லை. இது மனந்திரும்புதல் ஆகுமா?
— பெயர் வேண்டாம் என்றவர்

பதில்: ஆகாது. அவர் 11-ம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டார். 12-ஐத் திறக்கச் சொல்லுங்கள். நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துச் சமைத்த பணக்காரனின் கதையைச் சொல்கிறார். அது தன் கதைதான் என்று தெரியாமலேயே தாவீது கொதித்துத் தீர்ப்புச் சொல்கிறார்: அந்த ஒரு குட்டிக்கு நாலு மடங்கு கொடுக்க வேண்டும். அது அவர் கோபத்தில் சொன்ன கணக்கும் அல்ல. திருடிய ஆட்டுக்கு நாலு ஆடு என்பது யாத்திராகமம் 22-ல் உள்ள சட்டம். எரிகோவின் வரி வசூலிப்பவன் சகேயுவும் இதே நாலு மடங்கைத்தான் சொன்னான். உங்கள் ஊர்க்காரர் தொகையையும் திருப்பித் தரும் தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதற்குப் பிறகு சாட்சி சொல்லலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “தாவீதே விழுந்தார்” என்கிற வாக்கியத்தில் உரியா எங்கே? தன் மரணத்துக்கான கடிதத்தைத் தானே படைத்தலைவன் யோவாபிடம் சுமந்து போனவன் அவன். பிரித்துப் பார்க்கவில்லை. அவன் ஏத்தியன், வேற்று இனத்தான். உடன்படிக்கைப் பெட்டியும் படையும் வெளியில் கூடாரத்தில் இருக்கும்போது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கமாட்டேன் என்றவன். தாவீதின் பராக்கிரமசாலிகள் 37 பேரின் பட்டியல் 2 சாமுவேல் 23-ல் இருக்கிறது. கடைசிப் பெயர் அவனுடையது. மத்தேயு இயேசுவின் வம்ச வரலாற்றை எழுதும்போதும் பத்சேபாளின் பெயரைச் சொல்லாமல், உரியாவின் மனைவியாக இருந்தவள் என்றுதான் குறிக்கிறார். எத்தனை தலைமுறை கடந்தும் வேதம் அவனை மறக்கவில்லை. நம் பிரசங்கங்கள்தான் மறக்கின்றன. உங்கள் கட்டடக் காணிக்கையில் பீடி சுற்றிச் சேர்த்த பணமும் பனை ஏறிச் சேர்த்த பணமும் இருக்கும். அதைக் கொடுத்தவர்கள்தான் அந்தக் கதையில் உரியா.

கேள்வி: எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஓர் அம்மா, “அவள் ஏன் மொட்டைமாடியில் குளித்தாள்?” என்று பத்சேபாளைத்தான் திட்டுகிறார்கள்.
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: மொட்டைமாடியில் இருந்தவர் தாவீது. அவள் எங்கே குளித்தாள் என்று அதிகாரம் சொல்லவே இல்லை. ஆள் அனுப்பி அழைத்துவரச் சொன்னவரும் அவர்தான். ராஜாவின் சேவகர்கள் வாசலில் வந்து நிற்கும்போது, புருஷன் போர்க்களத்தில் இருக்கிற ஒரு பெண் என்ன செய்துவிட முடியும்? நாத்தான் தன் கதையில் அவளுக்குக் கொடுத்த இடம் ஆட்டுக்குட்டியின் இடம். கர்த்தர் ஒரு வார்த்தைகூட அவளைக் குற்றம் சொல்லவில்லை. சங்கத்துக்கும் அந்த உரிமை கிடையாது.

கேள்வி: சவுலும் தான் பாவம் செய்ததாகச் சொன்னார், தாவீதும் சொன்னார். ஒருவர் தள்ளப்பட்டார், ஒருவர் நிலைத்தார். இது என்ன நியாயம்?
— திருச்சி வாசகர்

பதில்: சொன்ன பிறகு இருவரும் என்ன கேட்டார்கள் என்று பாருங்கள். 1 சாமுவேல் 15-ல் சவுல் முதலில் ஜனங்கள்மேல் பழியைப் போட்டார். பிறகு, மூப்பர்கள் முன்னால் தன்னைக் கனம்பண்ணும்படி சாமுவேலைக் கெஞ்சினார். அவருக்குப் போன மரியாதை திரும்ப வர வேண்டும். தாவீது சாக்குச் சொல்லவில்லை, யார் பெயரையும் இழுக்கவில்லை. 51-ம் சங்கீதத்தின் தலைப்பில் நாத்தான் வந்ததும் வந்த காரணமும் இன்றுவரை எழுதியிருக்கிறது. அவருடைய அவமானத்தைத் தலைப்பாகப் போட்டு ஆலயத்தில் பாடக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் பட்டயம் அவர் வீட்டை விட்டு விலகவில்லை. மன்னிப்பு வந்தது, விளைவும் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பிரசங்கிக்கிறவர்களே சரியாகப் பிரசங்கிக்கிறார்கள்.

கேள்வி: நோவாவே குடித்தாரே ஐயா?
— வேலூர் வாசகர்

பதில்: ஒரு நாள் குடித்தார். அதன் முடிவில் பேரன் கானான் தலையில் சாபம் விழுந்தது. ஆதியாகமம் 9-ஐ முழுவதும் வாசித்துவிட்டு உங்கள் வீட்டுப் பேரப்பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்.

கேள்வி: ஊழியக்காரர் தவறு செய்தாலும் கேட்கக்கூடாது, கர்த்தரால் அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடக்கூடாது என்கிறார்கள். தாவீதே சவுலைத் தொடவில்லை என்று காட்டுகிறார்கள்.
— கோயம்புத்தூர் வாசகர்

பதில்: எங்கேதியின் குகையில் தாவீது சவுலைக் கொல்லவில்லை. அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டாரா? குகையை விட்டு வெளியே வந்து, ராஜாவைக் கூப்பிட்டு, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் கையில் பிடித்துக் காட்டி, நீர் எனக்குச் செய்வது அநியாயம் என்று முகத்துக்கு நேராகப் பேசினார். சவுலோடு வந்த படை 3,000 பேர். 1 சாமுவேல் 24-ல் இது முழுவதும் இருக்கிறது. கொல்லாமல் இருப்பது வேறு, கேள்வி கேட்காமல் இருப்பது வேறு.

அவர்கள் காட்டும் இன்னொரு வசனம் 105-ம் சங்கீதத்தில் வருகிறது. அதையும் மூன்று வசனம் முன்னாலிருந்து வாசியுங்கள். அங்கே அபிஷேகம் பெற்றவர்கள் யார்? கொஞ்சப் பேராக, பரதேசிகளாக, ஊர் ஊராக அலைந்த முற்பிதாக்கள். அவர்களுக்காகக் கர்த்தர் கடிந்துகொண்டது ராஜாக்களை. எளியவரைப் பலவானிடமிருந்து காப்பாற்றும் வசனம் அது. அதைப் பலவானுக்குக் கேடயமாகத் திருப்பிப் பிடிப்பது எனக்கு மிகவும் வலிக்கிறது. நாத்தான் அபிஷேகம் பெற்ற ராஜாவின் அரண்மனைக்கே போனவர் என்பதையும் அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

கேள்வி: பேதுரு மறுதலித்ததைப் பரிசுத்த வாரம் தவறாமல் பிரசங்கத்தில் கேட்கிறோம். பேதுருவிடம் கற்க வேறெதுவும் இல்லையா?
— தூத்துக்குடி வாசகர்

பதில்: இருக்கிறது. தமிழ்ச் சபைகள் முதலில் கேட்டிருக்க வேண்டியதே அதுதான். கலாத்தியர் 2-ம் அதிகாரம். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமில் இருந்த யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள், பர்னபாகூட விலகினார். பவுல் எல்லோருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார்.

சேவல் கூவிய இரவில் பேதுருவுக்கு உயிர்ப்பயம். அந்தியோகியாவில் யார் அவரைக் கொல்லப்போகிறார்கள்? தன் ஆட்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான். இத்தனைக்கும் யோப்பாவில் வானத்திலிருந்து இறங்கிய விரிப்பைப் பார்த்தவர், கொர்நேலியுவின் வீட்டுக்குள் நுழைந்தவர். பெந்தெகொஸ்தேவுக்குப் பிறகும் ஒரு மனிதன் பந்தியில் தடுமாற முடியும்.

நம் கதை இதுவேதான். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், ஆலயத்திலும் திருவிருந்திலும் சாதி வேற்றுமையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டார்கள். கத்தோலிக்கர் பக்கம், வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதியைப் பிரித்து நின்ற தடுப்பு 1910-ல்தான் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் தனி இடம், பெண் எடுக்கும்போது தனி வட்டம், தேர்தலில் தனி அணி என்று இன்றும் பல ஊர்களில் பந்தியை விட்டு எழுந்துகொண்டுதான் இருக்கிறோம். அசனப் பண்டிகைக்கு ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டு, மகள் கல்யாணத்தில் எழுந்துவிடுகிறவர் அந்தியோகியாவில்தான் இருக்கிறார்.

கேள்வி: அப்பாவுக்குத் தம்பிமேல்தான் பாசம். சொன்னால் “யாக்கோபு யோசேப்பை நேசிக்கவில்லையா?” என்கிறார்.
— மதுரை வாசகர்

பதில்: யாக்கோபு ஆட்டுக்குட்டித் தோலைக் கட்டிக்கொண்டு தன் அப்பாவை ஏமாற்றினார். யாக்கோபின் பிள்ளைகள் ஆட்டுக்கடா இரத்தத்தில் அங்கியைத் தோய்த்து அவரை ஏமாற்றினார்கள். அப்பாவிடம் இதை மரியாதையாக வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: வாலிபர் சங்கச் செயலாளராக இருந்த தம்பி, பண்டிகை வேலை நடக்கும்போதே பாதியில் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டான். இப்போது திரும்பி வந்து பொறுப்புக் கேட்கிறான். கொடுக்கலாமா?
— சங்க உறுப்பினர், சாயர்புரம்

பதில்: கொடுங்கள். யோவான் மாற்கு பம்பிலியாவில் பவுலையும் பர்னபாவையும் விட்டுவிட்டு எருசலேமுக்குத் திரும்பிவிட்டவன். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்றார் பவுல், வேண்டும் என்றார் பர்னபா. வாக்குவாதம் முற்றி இரண்டு அப்போஸ்தலரும் பிரிந்தே போனார்கள். அதே பவுல் தம் கடைசி நாட்களில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டி வா, ஊழியத்துக்கு அவன் பிரயோஜனமுள்ளவன் என்ற கருத்தில் எழுதுகிறார். நடுவில் அவனைத் தன்னோடு கப்பலேற்றிச் சீப்புருவுக்குக் கூட்டிப்போன பர்னபா இல்லாவிட்டால் அந்த வரி எழுதப்பட்டிருக்காது. உங்கள் சங்கத்தில் யார் அவனோடு கூடப்போகிறார்கள் என்பதையும் முடிவு செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும் உண்டு. மாற்கு தைரியம் இழந்தவன், யாருக்கும் தீங்கு செய்தவன் இல்லை. தீங்கு செய்தவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது.

கேள்வி: சபையில் பிள்ளைகளோடு வேலை செய்கிற ஒருவர் என் பத்து வயது மகளிடம் தகாதபடி நடந்துகொண்டார். கமிட்டியார், “தாவீதைக் கர்த்தர் மன்னித்தார், நீயும் மன்னித்துவிடு, சபைப் பெயர் கெடும்” என்கிறார்கள். என்ன செய்வது?
— பெயரும் ஊரும் வேண்டாம் என்ற தாய்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்துக்கு இந்தப் பத்தி அச்சாகும்வரை காத்திருக்காமல் உடனே பதில் அனுப்பிவிட்டோம். உங்களைப் போல வெளியே சொல்ல முடியாமல் இருக்கிற மற்ற தாய்மாருக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

கமிட்டியார் 2 சாமுவேல் 13-ஐ வாசிக்கட்டும். தாவீதின் மகன் அம்னோன், வியாதிக்காரனைப் போலப் படுத்துக்கொண்டு தங்கை தாமாரை வரவழைத்துக் கெடுத்தான். அவள் வேண்டாம் என்று சொன்னாள், நியாயம் எடுத்துச் சொன்னாள், பிறகு தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு சத்தமிட்டு அழுதுகொண்டே வெளியே போனாள். அவள் மறைக்கவில்லை. அவன் உன் சகோதரன், பேசாமலிரு என்று சொன்னது அவளுடைய சொந்த அண்ணன் அப்சலோம். தாவீதுக்குக் கடுங்கோபம் வந்தது என்று எழுதியிருக்கிறது. அதற்குமேல் அவர் எதுவும் செய்ததாக எழுதவில்லை. இரண்டு வருஷம் அந்த வீட்டில் அமைதி. அதன் பிறகு அம்னோன் வெட்டுண்டான், அப்சலோம் கேசூருக்கு ஓடினான், பின்னால் தகப்பனுக்கு எதிராகவே படை திரட்டினான், தேசம் இரண்டாகியது. வீட்டுப் பெயர் கெடக்கூடாது என்று மூடிவைத்ததன் பலன் அது. தாவீதிடம் கற்க வேண்டிய மிகப் பெரிய பாடம் இந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது, இதைத்தான் எந்த கன்வென்ஷனிலும் நான் கேட்டதில்லை.

மன்னிக்கச் சொல்லக் கமிட்டிக்கு உரிமை இல்லை. காயப்பட்டது அவர்கள் இல்லை. மன்னித்தாலும் அந்த ஆள் இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் போகக்கூடாது. சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, இப்படி நடந்தது தெரிந்த எவரும் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை உண்டு. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஒரு வருஷம்வரை. சேகர குருவானவரும் கமிட்டியாரும் இந்த வரியைச் சேர்ந்து வாசிக்கட்டும்.

உங்கள் மகளிடம், “நீ சொன்னது சரி, உன்மேல் தப்பே இல்லை” என்று இன்று சொல்லுங்கள், நாளையும் சொல்லுங்கள். போலீஸுக்குத் தனியாகப் போகப் பயமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள். இதை வாசிக்கிற சபையார் யாராக இருந்தாலும், அந்தத் தாய் காவல் நிலையத்துக்குப் போகும்போது கூடப் போங்கள்.