பிக்கப் மாற்றுப் படலம்: பேஸ் கிடாரின் தொனி குறித்த முதற்கட்ட ஆய்வு

மின் பேஸ் கிடார் வைத்திருப்போர் இரு திறத்தார்: பிக்கப்பை மாற்றியவர், மாற்றவிருப்பவர். இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாம் திறத்தாரும் உளர் என்பர் ஒரு சாரார். அவர்களைப் பேட்டி காண முயன்றோம். எல்லோரும் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபடியால் இயலவில்லை. எனவே இவ்வாய்வின் எல்லை முதல் இரு திறத்தாரோடு நின்றுவிடுகிறது.

பிக்கப் யாதெனின், நிலைக்காந்தத்தைச் சுற்றித் தலைமுடி பருமனுள்ள செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய பண்டம். மேலே எஃகுத் தந்தி அதிர, காந்தப்புலம் கலைந்து, சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். இந்த விதியை 1831-இல் கண்டறிந்தவர் மைக்கேல் ஃபாரடே. கைவசம் பேஸ் கிடார் இல்லாத குறையால் தொனி பற்றி அவர் ஏதும் சொல்லவில்லை. அக்குறையை 1951-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் பிரெசிஷன் பேஸைக் கொண்டுவந்து நீக்கினார்.

அதன் முதல் பிக்கப் ஒற்றைச் சுருள். தந்தியின் ஒலியோடு சுவரில் ஓடும் மின்சாரத்தின் ரீங்காரத்தையும் அது வாங்கித் தரும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அது பி ஃபிளாட்டுக்கும் பி-க்கும் சரி நடுவில், எந்தச் சுரத்திலும் சேராமல் நிற்கிறது. நம்முடையது 50 ஹெர்ட்ஸ். தடித்த தந்தியின் மூன்றாம் கட்டில் பேசும் ஜி-க்கு (49 ஹெர்ட்ஸ்) ஒரு நூல்தான் மேலே. இரைச்சலிலும் ஏறத்தாழச் சுருதி சேரும் நாடு நம்முடையது என்பதை இசையியலார் இதுவரை கவனித்ததாகத் தெரியவில்லை. 1957-இல் பிரெசிஷனின் சுருளை இரண்டாகப் பிளந்து, காந்தத்தையும் சுற்றையும் எதிரெதிராக வைத்து, ரீங்காரத்தை அடக்கினார்கள்.

மாற்றுப் பிக்கப் வாங்கச் செல்வோர் முதலில் நோக்குவது சுருளின் மின்தடையைச் சொல்லும் கிலோ ஓம் எண்ணை. பிரெசிஷனுக்குரியது பெரும்பாலும் 10, 11-ஐ ஒட்டி நிற்கும். 1960-இல் வந்த ஜாஸ் பேஸுக்குரியது 7, 8. எண் பெரிதாயின் தொனியும் பெரிதாம் என்பது பூர்வபட்சம். அற்றன்று. சுற்றைக் கூட்டினால் சத்தம் கூடும். கூடவே ஒத்ததிர்வு உச்சம் கீழிறங்கி மேல்தெளிவு மழுங்கும். கம்பியை இன்னும் மெல்லியதாக்கினாலோ, ஒரு சுற்றும் கூடாமலே எண் ஏறிவிடும். கிலோ ஓமைப் பார்த்துத் தொனியைக் கணிப்பது, செருப்பின் அளவைக் கேட்டு நடையின் வேகத்தைச் சொல்வது போன்றது.

காந்தத்திலும் இரு மதங்கள்: அல்நிகோ, செராமிக். இரண்டுக்கும் விற்பனையாளர் தரும் விளக்கம் ஒன்றே. பழங்காலத்து இதமும் இக்காலத்துத் தெளிவும். 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் வகையும் உண்டு. கச்சேரி நடுவே பேட்டரி தீரும்போது அதில் எழும் தொனிக்குச் சந்தை இன்னும் பெயரிடவில்லை.

இனி ஆய்வின் உயிர்நிலை. பிரெசிஷனின் பிக்கப்பைக் கழற்றப் பிக்கார்டுத் தகட்டைக் கழற்ற வேண்டும். அதற்குத் தந்திகளைத் தளர்த்த வேண்டும். தளர்த்திய அழுக்குத் தந்தியைத் திரும்ப மாட்டும் மனம் யாருக்கு வரும்? புதுச் செட் ஏறுகிறது. புது ரௌண்ட்வுண்ட் தந்தி எந்தப் பிக்கப்பின் மேலும் பளீரென்றுதான் பேசும். திருப்பிப் பூட்டுகையில் பிக்கப்பின் உயரமும் மாறுகிறது. சற்று உயர்ந்தாலே சத்தம் கூடும். மிகவும் உயர்ந்தால் காந்தம் தந்தியையே இழுத்துச் சுருதியைத் தள்ளாட வைக்கும். போகிற போக்கில் வால்யூம் பாட்டின் கரகரப்பும் துடைக்கப்படுகிறது, விட்டுப்போன சால்டரும் ஒட்டப்படுகிறது. பழைய ஒலிக்கும் புதிய ஒலிக்கும் நடுவே ஒரு முழுப் பிற்பகலும் கழிந்திருக்கிறது. காதின் நினைவு அவ்வளவு நேரம் தாங்காது. இத்தனையும் ஒருசேர மாற, புகழ் முழுதும் பிக்கப்புக்கே போகிறது. பழைய பிக்கப்பை வைத்துக்கொண்டே தந்தியையும் உயரத்தையும் மட்டும் மாற்றிப் பார்ப்பதே முறையான ஒப்பீட்டுச் சோதனை. அதைச் செய்து பார்த்தவர்கள் பிக்கப் வாங்குவதில்லை. ஆதலால் அவர்களுடைய முடிவுகள் எங்கும் பதிவாவதுமில்லை.

அஃதேல் பிக்கப்பால் வேறுபாடே இல்லையோ எனின், உண்டு. கால் அங்குல விட்டமுள்ள காந்தத் துண்டுகளைக் கொண்ட பிக்கப்பைப் போட்டுப் பார்த்தவர் மறுக்க மாட்டார். ஆனால் பிரெசிஷனில் எதைப் போட்டாலும் ஜாஸ் பேஸின் பாலப்பக்க (பிரிட்ஜ்) உறுமல் வராது. பிக்கப் தந்தியின் எந்த இடத்தைக் கேட்கிறது என்பதே அந்த உறுமலின் மூலம். இடத்தை மாற்ற உளியும் ரௌட்டரும் வேண்டும். ஜாஸ் பேஸின் பாலப்பக்கப் பிக்கப்பை எழுபதுகளில் அரை அங்குலத்துக்கும் குறைவாகத்தான் நகர்த்தினார்கள்; வாதம் இன்னும் ஓயவில்லை.

இவ்வாய்வுக்குப் பேரிடையூறு ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் பாட்டுகளுக்கு அவர் பெரும்பாலும் வாசித்தது 1962-ஆம் ஆண்டுப் பிரெசிஷன். மேலே கனத்த ஃபிளாட்வுண்ட் தந்தி, பாலத்தின் மூடிக்கடியில் ஒரு துண்டு நுரை, தந்தியை மீட்டுவதற்கு ஒற்றைச் சுட்டுவிரல். தந்தியைக்கூட அறுந்தாலொழிய மாற்றாதவர் என்பார்கள். அவருடைய ஒலியைப் பெறத்தான் இன்று பலர் பிக்கப் மாற்றுகிறார்கள். இம்முரணை விளக்கும் கோட்பாடு நம்மிடம் இல்லை. நுரைத் துண்டு மலிவானது. அதனாலேயே எவரும் அதை நம்புவதில்லை என்று ஐயுறுகிறோம்.

கடைசியாக ஒரு துணை முடிபு. ஜாஸ் பேஸின் இரு பிக்கப்புகளில் ஒன்றை மட்டும் வேறு கம்பெனியாரிடம் வாங்கி மாட்டினால், இரண்டின் அலைகளும் எதிர்த்திசையில் போக வாய்ப்புண்டு. அப்போது இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடித்தளம் கழன்று, ஒலி தகரம் போல மெலியும். புதியதன் இரண்டு வயர்களை இடம் மாற்றி ஒட்டினால் சரியாகிவிடும், சிலவற்றில் ரீங்காரம் மட்டும் மிஞ்சும். ஆயினும் அந்த மெலிந்த ஒலியையே கொடுத்த காசுக்குக் கிடைத்த புதுத் தொனி என்று கொண்டாடுவோர் உளர். அவர்களிடம் வயர் விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது.