சி ஃபார்ம்

என் மாமனார் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் கணக்குப்பிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்தவர், கொச்சியிலேயே தங்கிவிட்டார். அவர் எங்களுக்கு விட்டுப்போனவை ஃபோர்ட் கொச்சியில் மாடி வைத்த ஓட்டு வீடு ஒன்று, சிவப்பு அட்டை போட்ட எழுதாத பேரேடுகள் ஏழு. 1993ல் மாடி அறைகள் இரண்டையும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு விட ஆரம்பித்தபோது, அந்தப் பேரேடுகளில் ஒன்றை எடுத்துக் கோடு போட்டு வைத்துக்கொண்டேன். அறைக்கு எண்பது ரூபாய். ஹோம்ஸ்டே என்று அப்போது எங்கள் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்குத்தான் அப்போது சி ஃபார்ம். பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார். பேரேட்டில் ஏற்றிவிட்டு, கார்பன் வைத்து ஃபார்மை எழுதுவேன். என் வீட்டுக்காரர் அதைச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். பூகோளத்தை நான் கற்றுக்கொண்டது அந்தக் கடைசி இரண்டு கட்டங்களில்தான். காத்மாண்டு, கோவா, கொழும்பு, ஹம்பி. எல்லாவற்றையும்விட அதிகமாக எழுதியது பாங்காக்.

இரண்டிரண்டு பேராகத்தான் வருவார்கள். முதுகில் ஆளுயரப் பை, காலில் தேய்ந்த செருப்பு. எட்டு மாதம், பத்து மாதம் ஊர் சுற்றுகிறவர்கள். தாய்லாந்தில் நான்கு மாதம் இருந்துவிட்டுக் கல்கத்தாவில் இறங்கி, ரயிலில் கீழே கீழே வந்து, எர்ணாகுளத்திலிருந்து போட் பிடித்து எங்கள் ஜெட்டியில் வந்து நிற்பார்கள். கையில் லோன்லி பிளானட் புத்தகம். அந்தப் புத்தகங்களைத் தொடங்கியவர்களும் ஒரு தம்பதிதான். டோனி வீலரும் மவ்ரீன் வீலரும் 1972ல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவரை தரைவழியாகவே பெரும்பாலும் போய், அடுத்த வருஷம் ஆசியாவைக் குறைந்த செலவில் சுற்றுவதற்கு ஒரு சின்னப் புத்தகம் எழுதினார்கள். தாய்லாந்து உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் புத்தகம் 1975ல் வந்தது. இதையெல்லாம் எனக்குச் சொன்னது மாடியில் தங்கியிருந்த ஒரு டென்மார்க் ஜோடி.

அவர்கள் 1994ல் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையோடு வந்தார்கள். நான்கு நாளுக்கென்று வந்தவர்கள் நாற்பத்தொரு நாள் இருந்தார்கள். மழைக்காகக் காத்திருக்கவில்லை, தபாலுக்காகக் காத்திருந்தார்கள். வீட்டிலிருந்து வர வேண்டிய கடிதம் போஸ்ட் ஆபீசுக்கு அவர்கள் பெயரில் வரும், போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். தினமும் பதினோரு மணிக்குக் குடையோடு கிளம்பி, வெறுங்கையோடு திரும்புவார்கள். அந்தப் பெண் என்னோடு அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவப் பழகினாள். கிளம்பும்போது கட்டம் போட்ட பருத்தித் துணி ஒன்றைக் கட்டிலில் விட்டுப் போனாள். தாய்லாந்தில் வாங்கியதாம். நம் துண்டைவிட நீளம். குளிக்க, துவட்ட, தலைக்குக் கட்ட எல்லாவற்றுக்கும் அங்கே அதுதானாம். என் இரண்டாவது பிள்ளைக்குத் தொட்டில் கட்டியது அந்தத் துணியில்தான்.

அவர்கள் போன அன்று ராத்திரி பேரேட்டை மூடிக்கொண்டே கேட்டேன். "ஏங்க, நாமளும் இப்படி ஒரு நாள் போவமா?"

அவர் சிரிக்கவில்லை. "போவோம். பிள்ளைங்க ஒரு வழிக்கு வரட்டும்" என்றார்.

அன்றைக்கு எங்களைப் போன்றவர்களுக்கு அது நடக்கிற காரியமாக இல்லை. காசு இல்லாதது ஒரு காரணம்தான். காசு இருந்தாலும் டாலர் வாங்குவதற்கு ஃபெரா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கெடுபிடி. 2000 ஜூனில் அதற்குப் பதிலாக ஃபெமா வந்தபோது அது இன்னும் தளர்ந்தது. விமான நிலையம் அப்போது வில்லிங்டன் தீவில், கடற்படையின் இடத்தில் இருந்தது. 1999ல் அது நெடும்பாசேரிக்குப் போயிற்று. பேரேடுகள் ஒவ்வொன்றாக நிரம்பின. இரண்டு பிள்ளைகளும் படித்து வெளியே போனார்கள். 2012 டிசம்பர் 12ஆம் தேதி பியன்னாலே என்ற கலைக் கண்காட்சி எங்கள் ஊரில் முதல்முறையாகத் தொடங்கியது. ஆஸ்பின்வால் கிட்டங்கியைப் பார்க்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

வருகிறவர்களும் மாறினார்கள். இப்போது பெரும்பாலும் இரண்டு இரவு. கைபேசியில் பணம் கட்டி, கைபேசியில் வழி பார்த்து, யாரிடமும் ஒன்றும் கேட்காமல் வந்து சேர்கிறார்கள். போஸ்ட் ஆபீஸ் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கு லீவு அவ்வளவுதான். ஆனாலும் நாற்பத்தொரு நாள் இருந்தவளுக்கு எங்கள் மீன்காரியின் பெயர் தெரியும், அவள் மகளுக்குக் கல்யாணம் என்று தெரியும். இரண்டு இரவில் அது எப்படி வரும்? சி ஃபார்மும் ஆன்லைனுக்குப் போய்விட்டது. போட்டோவை ஏற்றி பட்டனைத் தட்டினால் முடிந்தது. நான் மட்டும் பேரேட்டிலும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏழாவது நடக்கிறது.

நாங்களும் ஊர் பார்க்கக் கிளம்பத் தைரியம் கொடுத்தவர்கள் காயலுக்கு அந்தப் பக்கம் எர்ணாகுளம் காந்தி நகரில் இருந்தார்கள். ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்ற சிறு டீக்கடை. நடத்தியவர்கள் விஜயனும் அவர் மனைவி மோகனாவும். தினமும் டீ விற்ற காசில் முந்நூறு ரூபாய் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி ஊர் பார்ப்பார்கள். திரும்பி வந்து கடனை அடைப்பார்கள், அடைத்ததும் அடுத்த ஊர். 2007ல் தொடங்கி 26 நாடுகள் போனார்கள். அவர்களைப் பற்றி வந்த ஆவணப்படத்துக்குப் பரிசு கூடக் கிடைத்தது. ஒருமுறை அங்கே போய் டீ குடித்தோம். சுவர் நிறைய அவர்கள் நின்று எடுத்த படங்கள். 2021 நவம்பரில், ரஷ்யா போய் வந்த சில வாரங்களில், விஜயன் காலமானார். செய்தியைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்தார். "இனிமே தள்ளிப்போடக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

2024 ஜூலை 15 முதல் இந்தியர் விசா இல்லாமல் 60 நாள் இருக்கலாம் என்று தாய்லாந்து அறிவித்தது. அந்த நவம்பரில் கிளம்பினோம். எனக்கு 62, அவருக்கு 67. ஆளுக்கு ஒரு முதுகுப் பை. இன்னும் முப்பது நாள் நீட்டிக்க அங்கே குடிவரவு அலுவலகத்தில் ஆளுக்கு 1,900 பாட் கட்டினோம். மொத்தம் 88 நாள். மூன்றாம் வகுப்பு ரயிலில் மரப்பெஞ்சு, ஜன்னலோரம், வழியெல்லாம் ஒட்டும் சோறு. பாங்காக் சீலோம் சாலையில் 1879ல் தமிழர் தொடங்கிய மாரியம்மன் கோயிலில் சாமந்தி மாலையோடு நின்றவர்களில் பெரும்பாலோர் தாய்க்காரர்கள். முட்டி வலித்தால் ஒரு நாள் சும்மா கிடப்போம். எந்த ஊரிலும் ஒரு வாரத்துக்குக் குறைந்து தங்குவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். அது நான் டென்மார்க்காரியிடம் கற்றது.

காஞ்சனபுரிக்குப் போக வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தவர் அவர். சயாம் மரண ரயில் ஓடிய ஊர். 1942லிருந்து 1943 அக்டோபர்வரை 415 கிலோமீட்டர் பாதையை ஜப்பானியர் போட வைத்தார்கள். ஊர் நடுவில் போர்க் கல்லறைத் தோட்டம்: 6,982 போர்க்கைதிகள். பச்சைப் புல்லில் வரிசை வரிசையாகக் கல், ஒவ்வொன்றிலும் பெயர், வயது, தேதி. டச்சுக்காரர்களின் கல்லும் நிறைய. எங்கள் வீட்டுப் பக்கம் 1724ல் அமைத்த டச்சுக் கல்லறை ஒன்று உண்டு. அந்தப் பெயர்களின் சாயல் எனக்குப் பழக்கம்.

அதே பாதையில் வேலை செய்ய மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைப் பத்தாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு போனவர்களும் உண்டு. காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். அவர்கள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. மாமனார் சொல்வார், அவருடைய தெருவிலிருந்து மலேயாவுக்குப் போன மூன்று பேரிடமிருந்து சண்டைக்குப் பிறகு கடுதாசியே வரவில்லை என்று. கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்து விகாரையில் அந்தப் பெயர் இல்லாதவர்களுக்காக ஒரு நினைவுச்சின்னமும், 2023ல் வைத்த ஒரு தமிழ் நடுகல்லும் இருக்கின்றன. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கே நின்றார். நான் முப்பது வருஷமாக எழுதிய பேரேடுகளை நினைத்துக்கொண்டேன். சும்மா நான்கு நாள் தங்கிப் போனவர்களின் பெயரெல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உயிரை விட்டவர்களுக்கு அப்படி ஒரு வரி இல்லை. அன்று சாயங்காலம் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

கடைசிப் பதினெட்டு நாளும் தெற்கே பத்தலுங்கில், பாக் பிரா கால்வாய்க் கரையில் ஒரு மரவீடு. வீட்டம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அங்கேயும் நம்மைப் போலத்தான், முன்பின் தெரியாதவரையும் முறை சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவரை 'பா' என்றோம், பெரியம்மா மாதிரி. அவர் எங்களை 'நோங்' என்றார், தம்பி, தங்கை என்று. என்னைத் தங்கை என்று கூப்பிட ஒருவர் மிச்சமிருந்தார் என்பதே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொடியில் அதே கட்டம் போட்ட துணி காய்ந்துகொண்டிருந்தது.

மறுநாள் விடியலில் அவர் கதவைத் தட்டிக் கால்வாயைக் காட்டினார். மூங்கில் கழிகளில் விரித்த பெரிய வலைகள் நீரிலிருந்து மேலே வந்தன. அசப்பில் எங்கள் சீனவலை. எங்களூரில் கயிற்றில் கல் கட்டி நாலைந்து பேர் இழுக்க வேண்டும். இங்கே ஒரே ஆள் கழியைத் தாழ்த்த, வலை எழுந்தது. கொச்சிக்கு வலையைக் கொண்டுவந்தது சீனர் என்று ஒரு பேச்சு, மக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் என்று இன்னொரு பேச்சு. கைபேசியில் எங்கள் வலையின் படத்தைக் காட்டினேன். அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கரையையும் மாறி மாறிக் கையால் தொட்டுக் காட்டுவதுபோல் படத்தையும் கால்வாயையும் காட்டினார்.

அதற்கு முந்தின நாள், நாங்கள் போய் இறங்கிய சாயங்காலம், பேத்தியை அழைத்து எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கேட்டார். தாய்லாந்திலும் அதே சட்டம்தான். வெளிநாட்டவர் தங்கினால் வீட்டுக்காரர் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அங்கே அதன் பெயர் டி.எம். 30. பேத்தி திண்ணையில் குந்தியபடி பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பார்த்துக் கைபேசியில் எழுத்தெழுத்தாக அடித்தாள். நடுவில் என் பெயரை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் மற்றவர் பெயரை நான் அப்படித்தான் சொல்லிப் பார்த்து எழுதினேன். கண் கலங்கியதை மறைக்கத் தெரியவில்லை. அந்தப் பெண் பயந்துபோய் ஏதாவது தப்பா என்று சைகையில் கேட்டாள்.

பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து நீட்டி, எங்கள் பெயர்களை அவள் எழுத்திலேயே எழுதித் தரச் சொன்னேன். பாட்டியிடம் கேட்டுக்கேட்டு நிதானமாக எழுதினாள். ஊருக்கு வந்ததும் அந்தத் தாளை ஏழாவது பேரேட்டில், நாங்கள் இல்லாத 88 நாளுக்காக விட்டிருந்த வெற்றுப் பக்கத்தில் ஒட்டினேன். சுழி சுழியாக இரண்டு வரி. அதில் எது நான், எது அவர் என்று எங்களுக்குப் படிக்கத் தெரியாது.